எகிப்திய டாரட் சீட்டுகளின் குறியீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாரட் என்பது குறி பார்க்கப் பயன்படுத்தும் படச்சீட்டுக்கட்டு. எகிப்திய ஓவியங்களோடு வரும் டாரட் சீட்டுக்கட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திணறுகிறார்கள். கூடவே வரும் சின்னக் கையேட்டில் ஒவ்வொரு சீட்டுக்கும் "மாற்றம், புதுத் தொடக்கம், எச்சரிக்கை" என்று நாலு வார்த்தை போட்டிருக்கும். அந்த வண்டு ஏன் அங்கே இருக்கிறது, அந்த அம்மாவின் தலையில் ஏன் ஒற்றை இறகு, இன்னொருவர் முகம் ஏன் பச்சை என்று எதுவும் இருக்காது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சீட்டில் உள்ள படத்தைப் படிப்பது பற்றித்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

டாரட் எகிப்தில் பிறந்ததா?

இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகத்தான் அது பிறந்தது. மிலான் நகரை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகத் தங்கப்பூச்சோடு வரைந்த சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. பேரரசர், போப்பாண்டவர், எக்காளம் ஊதும் தேவதூதர் எல்லாம் அவற்றில் உண்டு. எகிப்து மருந்துக்கும் இல்லை.

எகிப்துக் கதை 1781-இல் தொடங்கியது. பிரான்சைச் சேர்ந்த அந்துவான் கூர் த ஜெபெலன் தன் பெருநூலின் எட்டாம் தொகுதியில், இந்தச் சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகள் ஆட்டமாக வேடமிட்டுக் காப்பாற்றிய 'தோத்தின் நூல்' என்று எழுதினார். தோத் என்பவர் எழுத்துக்கும் அறிவுக்குமான எகிப்தியக் கடவுள். டாரட் என்ற சொல்லுக்கே எகிப்திய மொழியில் 'ராஜபாட்டை' என்று பொருள் என்றார். அப்போது எகிப்தியப் படவெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை. படவெழுத்தும் கிரேக்கமும் சேர்த்துப் பொறித்த ரொசெட்டா கல் கிடைத்ததே 1799-இல். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்தது 1822-இல். எழுத்து படிக்கக் கிடைத்த பிறகு தேடியவர்களுக்கு அந்த ராஜபாட்டை எங்கேயும் அகப்படவில்லை.

ஆனால் 'தோத்தின் நூல்' என்ற பெயர் அவர் சும்மா இட்டுக்கட்டியது அல்ல. செத்னே என்ற இளவரசனைப் பற்றிய பழைய எகிப்தியக் கதை ஒன்றில் அப்படி ஒரு நூல் வருகிறது. அதற்காகச் செத்னே ஒரு கல்லறைக்குள் போய், இறந்துபோனவனோடு காய் நகர்த்தும் ஆட்டம் ஆடுகிறான். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் தரைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைகிறான். கடைசியில் காது வரைக்கும். அந்தக் கதையில் அது பாப்பிரஸ் என்ற நாணல் தாள் சுருள்தான், சீட்டுக்கட்டு அல்ல.

அப்படியானால் எகிப்துக்கும் சீட்டுக்கும் தொடர்பே கிடையாதா?

உண்டு. அது பழங்கால ஃபாரோ மன்னர்களின் எகிப்து அல்ல, இடைக்காலத்தில் அங்கே ஆண்ட மம்லூக் சுல்தான்களின் எகிப்து. ஐரோப்பாவுக்குச் சீட்டாட்டம் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மம்லூக் உலகத்திலிருந்துதான் போனது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இஸ்தான்புல் தொப்காபி அரண்மனையில் ஒரு மம்லூக் கட்டு பெரும்பகுதி தப்பிப் பிழைத்திருக்கிறது. கோப்பை, நாணயம், வாள், போலோ கோல் என்று நான்கு வகைகள். மனித உருவமே கிடையாது, அழகான கொடிப் பின்னல்களும் அரபு எழுத்தும் மட்டும். அதில் அரசருக்கு அடுத்த சீட்டின் பெயர் 'நாயிப்', அதாவது துணை ஆளுநர். ஸ்பானிய மொழியில் சீட்டுக்கு இன்றும் 'நைப்பெ' என்று பெயர். ஐரோப்பியர்களுக்குப் போலோ பழக்கமில்லாததால் போலோ கோல் வெறும் கழியாக மாறிவிட்டது.

இந்த உண்மைக் கதை, கூர் த ஜெபெலன் சொன்னதைவிட எனக்கு எவ்வளவோ பிடிக்கும். உங்கள் கட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் வாளும் கெய்ரோ வழியாக வந்திருக்கின்றன.

அப்புறம் ஃபாரோக்கால ஓவியங்கள் சீட்டுக்குள் எப்படி வந்தன?

பிரெஞ்சுக்காரர்கள் வழியாக. 1870-இல் பால் கிறிஸ்தியான் என்ற புனைபெயரில் ஒருவர் வெளியிட்ட நூலில், எகிப்தியக் கோயிலில் தீட்சை பெற வருபவனை, டாரட்டின் 22 பெயர்ச் சீட்டுகளுக்கு ஈடாக 22 ஓவியங்கள் உள்ள கூடத்தின் வழியாக நடத்திச் செல்வதாக ஒரு காட்சி வருகிறது. அந்த வருணனைகளை வைத்து 1896-இல் ஃபால்கோனியே என்பவர் ஒரு நூல் எழுத, மோரிஸ் ஒட்டோ வெகனர் எகிப்திய பாணியில் 22 சீட்டுகளை வரைந்தார். இன்று கடையில் கிடைக்கும் பல எகிப்தியக் கட்டுகளுக்குத் தாத்தா அதுதான்.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு பயன் இருக்கிறது. உங்கள் கையில் உள்ள ஒரு சீட்டில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. அடியில் இத்தாலியப் படம். அதன் மேல் பிரெஞ்சு மறைஞானிகள் பூசிய பொருள். அதற்கும் மேல், கல்லறைச் சுவர்களிலும் பாப்பிரஸிலும் இருந்து எடுத்த உண்மையான எகிப்தியக் குறியீடு. மூன்றும் சில சீட்டுகளில் ஒன்றாகப் பேசும், சிலவற்றில் சண்டை போடும். எது எந்த அடுக்கிலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சீட்டு தெளிவாகும். பிரிக்காமல் எல்லாவற்றையும் 'பண்டைய எகிப்திய ஞானம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது அந்த எகிப்தியர்களுக்கே செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஒரு சீட்டை எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எகிப்திய ஓவியத்தில் பெயர்ப்பலகை தலையில்தான் இருக்கும். மாட்டுக்கொம்புகளுக்கு நடுவே சூரிய வட்டு என்றால் ஹாத்தோர் என்ற பெண் தெய்வம், அல்லது பிற்கால ஓவியங்களில் ஐசிஸ் என்ற பெண் தெய்வம். சிம்மாசனம் போன்ற வடிவம் என்றால் உறுதியாக ஐசிஸ், ஏனென்றால் அவள் பெயரை எழுதும் குறியே அதுதான். ஒற்றைத் தீக்கோழி இறகு என்றால் உண்மைக்கும் ஒழுங்குக்குமான தெய்வம் மாத். வளைந்த நீண்ட அலகுள்ள பறவைத் தலை என்றால் தோத். அந்தப் பறவை நம் வயல்களில் நிற்கும் அரிவாள் மூக்கனின் நெருங்கிய உறவு. அரசர் தலையில் வெள்ளை மகுடம் என்றால் மேல் எகிப்து, சிவப்பு என்றால் கீழ் எகிப்து, இரண்டும் சேர்ந்தால் ஒன்றுபட்ட நாடு. நைல் வடக்கு நோக்கி ஓடுவதால் 'மேல்' என்பது தெற்கு. வரைபடத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்தது நிறம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கறுப்பு என்றால் துக்கம், தீமை என்று வாசித்துவிடுகிறார்கள். எகிப்தியர்கள் தங்கள் நாட்டையே 'கெமெத்', கரிய மண் என்றுதான் அழைத்தார்கள். வெள்ளம் வடிந்த பிறகு நைல் விட்டுப்போகும் வண்டலின் நிறம் அது, சோறு போடும் நிறம். பிணங்களைக் காக்கும் நரித்தலைக் கடவுள் அனுபிஸ் கறுப்பாக இருப்பதற்கும், இறந்தோரின் அரசரான ஒசைரிஸ் சில ஓவியங்களில் கறுப்பாக இருப்பதற்கும் காரணம் மறுபடி உயிர்ப்பது என்ற எண்ணம்தான். சிவப்புதான் அவர்களுக்கு ஆபத்தின் நிறம், பாலைவனத்தின் நிறம். ஒசைரிஸின் பச்சை முகம் முளைவிடும் பயிர். ஒசைரிஸ் உருவத்தில் மரச்சட்டம் செய்து, வண்டல் நிரப்பி, தானியம் விதைத்து, முளைத்ததைக் கல்லறைக்குள் வைக்கும் வழக்கம் இருந்தது. துட்டன்காமுன் என்ற ஃபாரோவின் கல்லறையிலும் அப்படி ஒன்று கிடைத்தது. பொன்னிறம் கடவுள்களின் சதை, அழியாதது.

கையில் பிடித்திருக்கும் வளையம் வைத்த சிலுவை என்ன?

அதன் பெயர் அங்க். உயிர் என்று பொருள். கிறிஸ்தவச் சிலுவையைவிடப் பல ஆயிரம் ஆண்டுகள் பழையது. சீட்டில் அது யார் கையில் இருக்கிறது, எந்தப் பக்கம் நீட்டப்படுகிறது என்று கவனியுங்கள். கோயில் சுவர்களில் கடவுள் அதை அரசரின் மூக்குக்கு அருகே நீட்டுவார். மூச்சைக் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

ஹோரஸின் கண்ணும் ராவின் கண்ணும் ஒன்றா?

ஓவியத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும், கதை வேறு. ஒசைரிஸின் மகன் ஹோரஸும் அவன் சித்தப்பா 'செத்' என்ற கடவுளும் சண்டையிட்டபோது ஹோரஸின் கண் சிதைந்தது. அதைத் தோத் மறுபடி சரியாக்கினார். அதனால் அதன் பெயர் 'வெஜாத்', முழுமையானது. உடைந்து குணமான கண் என்பதால்தான் அதைத் தாயத்தாகக் கட்டிக்கொண்டார்கள், பிணங்களோடும் வைத்தார்கள். சீட்டில் இந்தக் கண் வந்தால் 'எல்லாவற்றையும் பார்க்கும் கண்' என்று வாசிப்பது பிற்கால வழக்கம். காயம் ஆறியது என்று வாசிப்பது எகிப்திய வழக்கம்.

ரா சூரியக் கடவுள். ராவின் கண் அவருடைய மகள். கோபக்காரி. அவளைப் பற்றிச் சிங்கச் சீட்டில் சொல்கிறேன்.

வண்டு?

சாணம் உருட்டும் வண்டு. உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, சூரியனை வானத்தில் உருட்டிச் செல்லும் கெப்ரி என்ற கடவுளாக அதைக் கண்டார்கள். அந்தப் பெயரின் வேர்ச்சொல்லுக்கு 'ஆகுதல்', 'உருவெடுத்தல்' என்று பொருள். வண்டு விடிகாலைச் சூரியன், நண்பகலில் ரா, மாலையில் ஆத்தும். ஆகவே வண்டு வந்தால் ஒன்று முடிந்துவிட்டது என்றோ வெற்றி கிடைத்துவிட்டது என்றோ அர்த்தமில்லை. இப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கிறது.

தாமரையை எப்படி வாசிப்பது?

நம் தாமரையாக வாசிக்கக் கூடாது. எகிப்திய ஓவியத்தில் 'தாமரை' என்று எல்லோரும் சொல்வது உண்மையில் அல்லி இனம். நீல நிறமாக இருந்தால் நம் குவளையின் மிக நெருங்கிய சொந்தம், இலங்கையின் தேசிய மலரான நீல அல்லியும் அதே கூட்டம்தான். உண்மையான தாமரை எகிப்துக்குப் பாரசீகர் காலத்தில்தான் வந்து சேர்ந்தது. எகிப்தியர்கள் பார்த்தது இதை: நீல அல்லி காலையில் விரிகிறது, பிற்பகலில் மூடுகிறது, மறுநாள் காலையில் திரும்ப விரிகிறது. அதனால் அது தினமும் பிறக்கும் சூரியனின் பூ. சேற்றில் இருந்தும் சேறு ஒட்டாத தூய்மை என்ற நம் பொருள் அங்கே இல்லை. பூவை மூக்கருகே பிடித்திருக்கும் உருவத்தைப் பார்த்தால் மறுபிறப்பை முகர்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கமும் பெண்ணும் உள்ள 'வலிமை' சீட்டில் ஏன் சிங்கத்தலைப் பெண்?

எகிப்தியக் கட்டுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. ஐரோப்பியச் சீட்டில் ஒரு பெண் சிங்கத்தின் வாயைக் கையால் பிடித்து அடக்குகிறாள். மனசு வேறு, மிருகம் வேறு. மனசு மிருகத்தை வெல்கிறது. எகிப்தியக் கட்டு வரைந்தவர்களில் சிலர் அங்கே சேக்மெத்தை வைத்தார்கள். பெண்ணுடல், பெண்சிங்கத் தலை. அடக்குபவளும் அடங்க வேண்டியதும் ஒரே ஆள்.

அவள் கதை துட்டன்காமுனுடன் புதைத்த பொன் மாடம் ஒன்றிலும் முதலாம் சேத்தி என்ற அரசரின் கல்லறையிலும் எழுதப்பட்டிருக்கிறது. ராவுக்கு வயதாகிவிட்டது. மனிதர்கள் அவருக்கு எதிராகச் சதி செய்கிறார்கள். அவர் தன் கண்ணை, ஹாத்தோர் என்ற மகளை, அவர்கள் மேல் ஏவுகிறார். அவள் கொன்று குவிக்கிறாள், அதில் ருசி கண்டுவிடுகிறாள், சேக்மெத் ஆகிவிடுகிறாள். மிச்சமுள்ளவர்களையும் மறுநாள் முடிக்கப் போகிறாள். ராவுக்கு மனம் இளகுகிறது. ஆனால் அவள் இனி சொன்னால் கேட்கிற நிலையில் இல்லை. எனவே இரவோடு இரவாக 7,000 ஜாடி பீர் காய்ச்சி, செம்மண் நிறம் கலந்து, வயலெல்லாம் ஊற்றிவிடுகிறார்கள். காலையில் வந்தவள் அதை ரத்தம் என்று நினைத்துக் குடித்து, போதையேறி, கொல்ல வந்ததையே மறந்து திரும்பிப் போகிறாள்.

அந்தச் சீட்டு வரும்போது நான் கேட்கும் கேள்வி இதனால் மாறிவிட்டது. 'என் கோபத்தை எப்படி அடக்குவது' என்று முன்பு கேட்பேன். இப்போது 'இந்தக் கோபத்துக்கு என்ன ஊற்றிக் கொடுப்பது' என்று கேட்கிறேன். இன்னொன்றும் உண்டு: கொள்ளைநோயை அனுப்பியவளும் சேக்மெத்தான், வைத்தியம் பார்த்தவர்களும் சேக்மெத்தின் பூசாரிகள்தான்.

'நீதி' சீட்டில் இதயத்தைவிட இறகு கனமாக இருக்க வேண்டுமா?

இல்லை, சமமாக நிற்க வேண்டும். இந்தத் தவறு எல்லா இடத்திலும் பரவியிருக்கிறது. ஆனியின் பாப்பிரஸ் என்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது, சுமார் கி.மு. 1250-ஐச் சேர்ந்தது. அதில் தராசு முள்ளை அனுபிஸ் மண்டியிட்டுப் பார்க்கிறார், தோத் எழுதுகோலோடு நிற்கிறார், பின்னால் முதலைத்தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் காத்திருக்கிறாள். தராசுத் தட்டுகள் சமம். மாத் என்பது உண்மை, ஒழுங்கு, எல்லாம் தன் இடத்தில் இருப்பது. இதயம் அதோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் சோதனை. கனமில்லாத இதயம் வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

இறந்தவர் 42 தெய்வங்கள் முன்னால் 'நான் திருடவில்லை, பொய்யளவை போடவில்லை' என்று வரிசையாகச் சொல்வார். ஆனால் சொல்பவருக்கே உள்ளூர ஒரு பயம். அதனால் இதயத்தின் மேல் ஒரு கல்வண்டை வைத்து, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே என்று தன் இதயத்திடமே கெஞ்சும் மந்திரத்தைப் பொறித்தார்கள். நீதிச் சீட்டை வாசிக்கும்போது நான் இந்த வண்டைத்தான் நினைத்துக்கொள்வேன். வெளியே உள்ள நீதிபதிக்குப் பயந்தவர்கள் அல்ல அவர்கள். எல்லாம் தெரிந்த ஒரே சாட்சி தன் நெஞ்சுக்குள் இருப்பதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

பழைய பிரெஞ்சு வழிக் கட்டுகளில் நீதிக்கு 8-ஆம் எண், வலிமைக்கு 11. 1909-இல் வெளிவந்த ரைடர் வெய்ட் கட்டு இரண்டையும் இடம் மாற்றியது. உங்கள் கட்டில் எப்படி இருந்தாலும் பிழையில்லை.

20-ஆம் சீட்டான 'தீர்ப்பு'விலும் இதே தராசு வருகிறதே?

ஆமாம், சில கட்டுகளில். மூலப்படம் தேவதூதர் எக்காளம் ஊத, கல்லறைகளிலிருந்து மனிதர்கள் எழும் கிறிஸ்தவக் காட்சி. எகிப்தில் அப்படி ஊரே ஒரே நாளில் எழுவது கிடையாது, ஒவ்வொருவருக்கும் தனித்தனி. அதனால் வரைபவர்கள் தராசையே திரும்பப் போட்டுவிடுகிறார்கள். அங்கே தராசைவிட ஒசைரிஸ் முன்னால் போய் நிற்பதை முக்கியமாக வாசியுங்கள்.

13-ஆம் சீட்டான 'மரணம்' வந்தால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அரிவாளோடு வரும் எலும்புக்கூடு இத்தாலியச் சரக்கு. வெகனர் அதை அப்படியே விட்டுவிட்டார். பிறகு வந்த பல கட்டுகளில் அங்கே அனுபிஸ் பிணத்தின் மேல் குனிந்து பதப்படுத்திக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் தூரம் அதிகம். ஒன்று வெட்டுகிறது, மற்றது பாதுகாக்கிறது.

பதப்படுத்தும் முறை முழுவதற்கும் மரபாக 70 நாட்கள். நேட்ரான் உப்பில் உடலை உலர்த்துவார்கள். ஈரல், நுரையீரல், வயிறு, குடல் நான்கும் வெளியே எடுத்துத் தனித்தனி ஜாடிகளில் வைக்கப்படும். மூளையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இதயத்தை மட்டும் உடம்புக்குள்ளேயே விடுவார்கள். இந்தச் சீட்டில் எகிப்து கேட்பது: போனது போகட்டும், எதைக் காயவைத்துக் காப்பாற்றப் போகிறாய், எதை உள்ளேயே விடப் போகிறாய்?

தலைகீழாகத் தொங்கும் மனிதன் எகிப்தியக் கருத்தோடு பொருந்துகிறானா?

பொருந்தவில்லை. இதை ஒப்புக்கொள்வது நல்லது. டாரட் வாசிப்பில் 12-ஆம் சீட்டு மனமுவந்த காத்திருப்பு, வேறு கோணத்தில் பார்ப்பது. எகிப்தில் தலைகீழாக இருப்பது கொடுமையிலும் கொடுமை. பாதாளத்தில் தண்டிக்கப்பட்டவர்களைத்தான் அப்படி வரைந்தார்கள். செத்தபின் தலைகீழாக நடக்க நேரக் கூடாது என்பதற்காகவே தனி மந்திரங்கள் சவப்பெட்டிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே இந்தச் சீட்டில் எகிப்து அடுக்கைத் தள்ளிவைத்துவிட்டு, அடியில் உள்ள ஐரோப்பியப் பொருளையே எடுத்துக்கொள்கிறேன். வலிந்து பொருத்திக் காட்டும் கையேடுகளை நம்ப வேண்டாம்.

இதே காரணத்துக்காக எகிப்தியக் கட்டில் தலைகீழ்ச் சீட்டுகளை நான் வாசிப்பதில்லை. தலைகீழாக வந்தால் நிமிர்த்தி வைத்துவிடுவேன். இது என் வழக்கம் மட்டுமே.

'சாத்தான்' சீட்டில் இருக்கும் செத் கெட்டவரா?

ஒசைரிஸைக் கொன்றவர் செத். ஹோரஸின் கண்ணைச் சிதைத்தவரும் அவரே. பிற்காலக் கிரேக்கர்கள் அவரைத் தங்கள் டைஃபோன் என்ற அரக்கனோடு சேர்த்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் டைஃபோனைச் சாத்தான் சீட்டில் உட்காரவைத்தார்கள். ஆனால் இன்னொரு காட்சியும் உண்டு. ராவின் படகு ஒவ்வொரு இரவும் பாதாளத்தின் பன்னிரண்டு மணி நேரத்தைக் கடக்கும்போது அபோபிஸ் என்ற பெரும்பாம்பு வழிமறிக்கிறது. படகின் முனையில் ஈட்டியோடு நின்று அதைக் குத்துவது இதே செத் கடவுள்தான். அவருடைய முரட்டுத்தனம் இல்லாமல் சூரியன் உதிக்காது. அரசர்கள்கூட அவர் பெயரை வைத்துக்கொண்டார்கள். சேத்தி என்றால் 'செத்தைச் சேர்ந்தவன்'.

எனவே இந்தச் சீட்டு வந்தால் 'கெட்டது வந்துவிட்டது' என்று நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்குள் அண்ணனைக் கொன்ற அதே பலம், படகின் முனையில் நின்றால் எதைக் குத்தும் என்று யோசியுங்கள்.

உடையும் பிரமிடு எதைச் சொல்கிறது?

16-ஆம் சீட்டில் இடிவிழும் கோபுரத்துக்குப் பதிலாக உச்சி உடையும் பிரமிடு வரும். வழக்கமான பொருள்: கர்வம் சரிகிறது. இதற்கு உண்மை வரலாற்றிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. கி.மு. 2600 வாக்கில் ஆண்ட ஸ்நெஃபெரு தஷூரில் கட்டிய பிரமிடு சுமார் 54 பாகைச் சரிவில் மேலே போனது. பாதியில் கட்டடம் தாங்கவில்லை, சரிவை 43 பாகையாகக் குறைத்தார்கள். அதனால் இன்றும் அது முதுகு வளைந்து நிற்கிறது. அதே அரசர் பக்கத்திலேயே, தொடக்கத்திலிருந்தே 43 பாகையில், இன்னொன்று கட்டினார். அது நேராக நிற்கிறது, சிவப்புப் பிரமிடு என்று பெயர். அவர் மகன் கூஃபு கட்டியதுதான் கிசாவின் பெரிய பிரமிடு. வளைந்ததை யாரும் இடித்துத் தள்ளவில்லை என்பதை இந்தச் சீட்டு எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

நட்சத்திரச் சீட்டில் ஐசிஸ் ஏன் தண்ணீர் ஊற்றுகிறாள்?

இங்கே இத்தாலியப் படமும் எகிப்தும் தற்செயலாக அழகாகச் சேர்ந்துவிட்டன. மூலப்படத்தில் ஒரு பெண் இரண்டு குடங்களிலிருந்து நீர் ஊற்றுகிறாள். எகிப்தில் சிரியஸ் விண்மீனைச் சோப்தெத் என்ற பெண் தெய்வமாக வணங்கினார்கள், பிறகு ஐசிஸோடு ஒன்றாக்கினார்கள். ஆண்டில் சுமார் 70 நாட்கள் சிரியஸ் சூரிய ஒளியில் மறைந்துவிடும். பிறகு ஒரு கோடை விடியற்காலையில் கீழ்வானத்தில் மறுபடி தெரியும். அதையொட்டி நைல் பெருகத் தொடங்கும். பிணத்தைப் பதப்படுத்தும் 70 நாளும் இதுவும் ஒரே கணக்கு. ஆகவே இந்தச் சீட்டின் நம்பிக்கை வெறும் ஆசை அல்ல, நாள் எண்ணிக் காத்திருந்தவர்களின் நம்பிக்கை. அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்த பிறகு அந்த வெள்ளம் வருவதில்லை. விண்மீன் இன்னும் வருகிறது.

முதலையின் வாயை நோக்கி நடக்கும் குருடன் யார்?

'முட்டாள்' சீட்டுதான். பால் கிறிஸ்தியான் அதற்கு 'முதலை' என்றே பெயர் வைத்தார். உடைந்த தூணை நோக்கி மூட்டையோடு ஒருவன் நடக்கிறான், அங்கே முதலை வாயைத் திறந்து காத்திருக்கிறது. இது பிரெஞ்சுக் கற்பனை. எகிப்தியர்களுக்கு முதலை சோபெக் என்ற கடவுளும்கூட, வளமும் அரச வலிமையும் அவரிடம் உண்டு. சீட்டில் அது பயமுறுத்தத்தான் இருக்கிறது, அப்படியே வாசிக்கலாம்.

'அதிர்ஷ்டச் சக்கரம்' சீட்டில் சக்கரத்தின் மேல் இருக்கும் ஸ்பிங்ஸ் (மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட உருவம்) புதிர் போடுகிறதா?

புதிர் போடுவது கிரேக்க ஸ்பிங்ஸ், இறக்கையுள்ள பெண். எகிப்திய ஸ்பிங்ஸ் பெரும்பாலும் அரசர் முகம் கொண்ட காவல்காரர். பேசாது, காக்கும்.

நான்கு வகைச் சீட்டுகளில் நாணயத்துக்குப் பதில் வண்டு இருக்கிறதே?

ஃபாரோக்காலத்தின் பெரும்பகுதியில் எகிப்தில் நாணயமே கிடையாது. தானியம், செம்பு ஆகியவற்றின் எடையில்தான் விலை பேசினார்கள். அதனால் சில ஓவியர்கள் வட்டமான வேறொன்றைத் தேடி வண்டையோ சூரிய வட்டையோ போட்டுவிட்டார்கள். பொருளை மாற்ற வேண்டியதில்லை. கழிகளுக்குப் பதில் செங்கோல் வரும், அதன் அடி இரண்டாகப் பிளந்து தலை ஒரு விலங்கின் முகம்போல் இருந்தால் 'வாஸ்' செங்கோல், ஆட்சி என்று பொருள்.

ஓரத்தில் உள்ள படவெழுத்தைப் படிக்க முடியுமா?

சில கட்டுகளில் உண்மையான வாசகத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள், பலவற்றில் வெறும் அலங்காரம். ஒரு சின்னச் சோதனை: பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும். ஒரே வரியில் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தால் அது அலங்காரம்தான். நீள்வட்டத்துக்குள் எழுத்து இருந்தால் அரசரின் அல்லது அரசியின் பெயர்.

ஒசைரிஸை யமன் என்றும் தோத்தைச் சித்திரகுப்தன் என்றும் வைத்துக்கொள்ளலாமா?

முதல் நாள் நினைவில் நிற்க உதவும், அதற்கு மேல் வேண்டாம். ஒசைரிஸ் தானே கொல்லப்பட்டு, மனைவி ஐசிஸ் உடலைத் தேடிச் சேர்த்துக் கட்டியதால் எழுந்தவர். யமன் கதையில் இது இல்லை. அந்த வேறுபாட்டில்தான் சீட்டின் பொருளே இருக்கிறது.

இந்தக் கட்டை வீட்டில் வைத்தால் சாபம் ஏதாவது வருமா?

வராது. துட்டன்காமுன் சாபக் கதைக்கு மூலம், அந்தக் கல்லறை அகழாய்வுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு 1923-இல் இறந்தது. கொசுக்கடியில் சவரக்கத்தி பட்டு, புண் சீழ்பிடித்து இறந்தார். கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை வாழ்ந்தார். சீட்டு அச்சகத்தில் அடித்த அட்டை.

ஒரு சீட்டை முழுக்க வாசித்துக் காட்ட முடியுமா?

சரி, நிலாச் சீட்டை எடுத்துக்கொள்வோம், 18. அடியில் உள்ள இத்தாலியப் படத்தில் நிலா. பின்னால் வந்த ஐரோப்பியக் கட்டுகளில் அதற்குக் கீழே இரண்டு நாய்கள், குளத்திலிருந்து ஏறும் நண்டு. தெளிவில்லாத வெளிச்சம், பயம், ஏமாற்றம் என்று வழக்கமான பொருள். எகிப்தியக் கட்டில் நாய்கள் இருந்த இடத்தில் அனுபிஸ் நரிகள் இருந்தால் இருட்டில் வழிகாட்ட ஆள் இருக்கிறது என்று ஒரு படி மாறுகிறது. மேலே தோத் இருந்தால் இன்னும் மாறுகிறது. நிலா அவருடையது.

தோத்தைப் பற்றிக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதை இது. வானத்தாய் நூத் ஆண்டின் எந்த நாளிலும் பிள்ளை பெறக் கூடாது என்று சாபம். அப்போது ஆண்டுக்கு 360 நாட்கள். தோத் நிலாவோடு காய் ஆட்டம் ஆடி, அதன் ஒளியில் எழுபதில் ஒரு பங்கை ஜெயித்து, அந்தத் துண்டு வெளிச்சங்களை ஒட்டி ஐந்து நாட்கள் செய்து ஆண்டின் கடைசியில் வைத்தார். அந்த நாட்கள் எந்த மாதத்திலும் சேராது, ஆகவே சாபம் அங்கே செல்லாது.

வேலை போய், அடுத்தது என்னவென்று தெரியாமல் இருக்கும் ஒருவருக்கு இந்தச் சீட்டு வந்தால், 'குழப்பமான காலம்' என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். கணக்கில் வராத ஐந்து நாளை எங்கிருந்து எடுக்க முடியும் என்று கேட்பேன். அந்த ஐந்து நாட்களில்தான் ஒசைரிஸ், மூத்த ஹோரஸ், செத், ஐசிஸ், நெப்திஸ் ஐவரும் பிறந்தார்கள்.